என் மகளுக்கு வேண்டிய வெயில்

குற்றாலத்துச் சாரலை யாராவது வாய் ஓயாமல் புகழ ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். "என்னா சுகம், என்னா குளுமை!" என்பார்கள். சுகம் யாருக்கு? வந்து குளித்துவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஈரத் துணியை நம் வீட்டுக் கொடியில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்குச் சுகம். அந்தத் துணி மூன்று நாளானாலும் காயாமல் நாறும்போது, அதை எடுத்து அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்துகிறவளிடம் கேளுங்கள். அவள் சொல்லுவாள் சாரலின் சுகத்தை.

நான் பிறந்தது இலஞ்சியில். வாழ்க்கைப்பட்டது தென்காசியில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். குற்றாலம் கூப்பிடு தூரம். யுத்தத்துக்கு முந்திய வருஷங்களைச் சொல்லுகிறேன். ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கியதும், மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கால் நிலைகொள்ளாது. வரலாமா என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது. சீசனுக்கு எங்கள் வீட்டுக்கு வருவது அவர்களுக்குப் பிறப்புரிமை. ரயிலை விட்டு இறங்கி, குதிரைவண்டி பிடித்து, வாசலில் வந்து நின்றுகொண்டு, "அருவியில தண்ணி எப்படி விழுது?" என்பார்கள். வீட்டில் இருக்கிற மனுஷர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற விசாரிப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அருவியில் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு எடுக்கிற பசி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்புவார்கள். திரும்பி வரும்போது இலை போட்டிருக்க வேண்டும். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி. தேங்காய்ப்பால் சொதி கேட்பார் ஒருவர், கூட்டாஞ்சோறு கேட்பார் இன்னொருவர். ஈர விறகை ஊதி ஊதி எனக்குக் கண் இரண்டும் மிளகாய்ப் பழம். என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, அண்ணாச்சிக்கு இன்னொரு கரண்டி போடு" என்று உபசாரம் செய்வாள். உபசாரம் அவளுடையது, கரண்டி என்னுடையது.

போகட்டும், இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என் மகளின் விஷயத்தில். ஊரெல்லாம் தேடி வருகிற அந்தச் சாரல் அவளுக்கு ஆகாது.

ஏழு வயது அவளுக்கு. மற்ற மாதங்களில் தெருவில் ஓடுகிற பிள்ளை, ஆனி பிறந்தால் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். இளைப்பு. தோள் இரண்டும் காதுவரை ஏறும். நெஞ்சுக்குள் பூனை கத்துகிற சத்தம் கேட்கும். "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, மேற்கொண்டு என்ன சொல்ல வந்தாளோ அதற்கு மூச்சு இல்லாமல் என் முகத்தையே பார்ப்பாள். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தேய்ப்பேன், ஆடாதோடை கஷாயம் கொடுப்பேன், மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு முதுகைத் தடவுவேன். வீடு நிறைய விருந்தாளி இருக்கும்போது அதற்கும் நேரம் திருட வேண்டும். "சாரல்ல நாலு நாளு நனைய விடு, எல்லாம் பழகிரும்" என்று வைத்தியம் சொல்லுகிறவர்களுக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமே இருந்ததில்லை.

அந்த வருஷம் ஆனி தொடக்கத்திலேயே அவளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. பதறிப்போய் நானும் வீட்டுக்காரருமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"மருந்து தாறேன். ஆனா இந்தப் பிள்ளைக்கு மருந்தைவிட வெயில்தான் வேணும். சீசன் முடியுத வரைக்கும் சாரல் விழாத ஊர்ல கொண்டு வையுங்க. தூத்துக்குடி மாதிரி, நல்லா வெயில் காயுத ஊரா இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சேருகிறதற்குள் தூத்துக்குடி என்றே முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அங்கே உப்பு வியாபாரம் செய்கிற சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவருக்கு எழுதிப்போட்டதும் கடற்கரைக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள வீடு வாடகைக்கு இருக்கிறது என்று பதில் வந்தது. நான், மகள், வீட்டுக்காரர், மூன்று பேர். ஒரு பெட்டி, ஒரு படுக்கை, சமைக்க நாலு பாத்திரம். அந்த வாரமே ரயில் ஏறிவிடலாம். நான் கடலைப் பார்த்தவள் இல்லை. கடலைப் பார்க்கிற ஆசையும் அப்போது எனக்கு இல்லை. பிள்ளை ஒழுங்காக மூச்சு விட்டால் போதும் என்று இருந்தது.

அந்த வாரத்தில் வந்து இறங்கினார் மதுரை அண்ணாச்சி.

என் நாத்தனாருடைய புருஷன். மதுரையில் கோர்ட்டு உத்தியோகம். மனுஷர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் அதன் மூக்கணாங்கயிறு தன் கையில் இருக்க வேண்டும் அவருக்கு. நாத்தனாரும் பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். கூடத்தில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவரிடம் என் மாமியார் தூத்துக்குடிப் பேச்சை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

"தூத்துக்குடியா? அட, நல்ல யோசனைல்லா! இதை ஏன் மூணு பேரோட முடிக்கணும்? அத்தையும் வரட்டும், நாங்களும் வாறோம். அப்படியே திருச்செந்தூர் போய்ச் சாமி கும்பிட்டுட்டு வந்திரலாம்."

நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவளும் கடலில் குளித்து வருஷக்கணக்கு ஆகிறதாம். "ஆடி அமாவாசைக்குக் கடல் குளிப்பு கிடைச்சா அது பெரிய புண்ணியம்லா" என்றாள். கேட்க வேண்டுமா? அண்ணாச்சி தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப ஆடி அமாவாசையை வச்சே பொறப்படுதோம்!"

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஆனியில். பிள்ளை இளைத்துக்கொண்டிருந்ததும் ஆனியில். இவர்கள் புறப்படப் போவது ஆடி அமாவாசைக்கு. நான் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டேன்.

"டாக்டர் இப்பவே போகச் சொன்னாரு. இவுக புண்ணியத்துக்குப் பிள்ளை அதுவரைக்கும் காத்துக் கிடக்கணுமா?"

"அம்மா ஆசைப்படுதா. கொஞ்ச நாளு முன்னப் பின்ன ஆனா என்ன?"

"என்னவா? அவ நெஞ்சில காதை வச்சுக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்து உதறினார். அவர் குணமே அதுதான். சத்தம் போடுகிறவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டு, சத்தம் அடங்குகிறவரைக்கும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே இருப்பார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடம் திட்டம் போடுகிற மடமாகிவிட்டது. காலையில் எண்ணெய்க் குளியலின்போது ஒரு திட்டம், சாப்பிட்டபின் வெற்றிலை போடும்போது அதில் ஒரு மாற்றம். துறைமுகத்தில் கப்பல் பார்க்க வேண்டும் என்றார்கள் நாத்தனார் பிள்ளைகள். உப்பளம் பார்க்க வேண்டும் என்றாள் நாத்தனார். முத்து வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று யாரோ சொன்னார்கள். செய்தி எப்படித்தான் போயிற்றோ, திருநெல்வேலியிலிருந்து அண்ணாச்சியின் தங்கை குடும்பமும் சேர்ந்துகொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிற்று. இரண்டு அறை வீடு எப்படிப் போதும்? அதை வேண்டாம் என்று எழுதி, கடலைப் பார்த்த மாடி வீடாகப் பேசச் சொன்னார்கள். அந்த வீடு உடனே காலியாக இல்லை, ஆடி பாதிக்குமேல்தான் கிடைக்கும் என்று பதில் வந்தது. "பாத்தியா, எல்லாம் அமாவாசைக்குத் தோதா அமையுது" என்று மாமியார் பூரித்துப் போனாள். நான் அடுக்களையில் தலையில் அடித்துக்கொண்டேன்.

இவ்வளவு பேச்சில் ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, பிள்ளையின் பெயர் அடிபட வேண்டுமே! அவள் அந்தக் கூடத்து மூலையிலேயே தலையணையில் சாய்ந்துகொண்டு, கப்பலையும் உப்பளத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஒரு நாள் மத்தியானம் பந்தி நடக்கிறது. அவள் முனகுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. குழம்பு வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கண் சொருகிப் போயிற்று பிள்ளைக்கு. நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தேய்த்துத் தேய்த்து அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருகிறேன், கூடத்திலிருந்து அண்ணாச்சி குரல் கேட்கிறது: "ஏம்மா, ரசம் வருமா, வராதா?"

அன்றைக்கு மட்டும் அந்த ரசத்தை நான் அவர் தலையில் ஊற்றாமல் விட்டது தென்காசி ஊர் செய்த புண்ணியம்.

ஆடி பிறந்தது. புறப்பட நாள் பார்க்க வேண்டும் என்று சோசியரை வரவழைத்தார்கள். என் மாமியார் நாளும் நட்சத்திரமும் பார்க்காமல் வாசலைக்கூடத் தாண்ட மாட்டாள். நாங்கள் போவது கிழக்கே. திங்களும் சனியும் கிழக்கே சூலம், ஆகாது. அமாவாசைக்கு முன்னால் மிச்சமிருந்த நாட்களில் ரயிலுக்குத் தோதான வேளை எதுவும் நல்ல வேளையாக வரவில்லை. சோசியர் யோசித்து ஒரு வழி சொன்னார். பரஸ்தானம் வைத்துவிடுங்கள் என்றார்.

இப்போது யாரும் அதைச் செய்வதில்லை, அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல நேரம் ஒரு நாளிலும், நாம் கிளம்ப வசதிப்படுவது இன்னொரு நாளிலுமாக வந்தால், அந்த நல்ல நேரத்தில் பயணப்படுகிறவருடைய துணிமணி கொஞ்சம், மஞ்சள், அரிசி, தேங்காய் எல்லாம் வைத்து மூட்டையாகக் கட்டி, வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மூட்டை வாசலைத் தாண்டிவிட்டால் ஆளே புறப்பட்டுவிட்ட மாதிரி. அப்புறம் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போய் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். ஆனால் ஒன்று: பயணம் போகாமல் அந்த மூட்டையை வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அதைப் போல அபசகுனம் வேறு இல்லை.

கூட்டமாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு மூட்டை வைப்பதில்லை. யாருடைய நட்சத்திரத்துக்கு அந்த நேரம் பொருந்துகிறதோ அவர் பெயரில் ஒன்று வைத்தால் போதும். சோசியர் ஒவ்வொருவர் நட்சத்திரமாகப் பார்த்தார். மாமியாருக்கு ஆகவில்லை. அண்ணாச்சிக்கு ஆகவே ஆகவில்லை. கடைசியில் பொருந்தியது என் மகளின் நட்சத்திரம் ஒன்றுதான். "பிள்ளை பேரால வச்சிருங்க, அவ முன்னால போறா, நீங்க எல்லாரும் அவ பின்னால போறிய, அவ்வளவுதான்" என்று சோசியர் சொல்லிவிட்டுப் போனார். அவளுடைய பாவாடை சட்டையை மஞ்சள் தடவிய துணியில் கட்டி, மாமியாரே தன் கையால் எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

புறப்படுகிற நாள் வந்தது. காலையிலிருந்தே சாரல். தெருவில் மூன்று மாட்டுவண்டி நின்றன, ஸ்டேஷனுக்கு. நான் விடியுமுன்னே எழுந்து, வழிக்கு வேண்டிய புளிச்சோறு, தயிர்ச்சோறு, துவையல் எல்லாம் கட்டி முடித்தேன். மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். முந்தின நாள் முழுக்க அவளுக்கு இளைப்பு அதிகம். ஆனாலும் கிளம்பப்போகிறோம் என்று கண் பளபளக்க இருந்தாள்.

சோற்று மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன், என் மாமியார் அடுக்களை வாசலில் நிற்கிறாள்.

"ஏட்டி, ஒண்ணு சொன்னா கோவப்படப் பிடாது. பிள்ளைக்கு நேத்துல இருந்து ஒரேயடியா இளைக்கில்லா. இந்த நெலமையில ரயில்ல எப்படிக் கூட்டிட்டுப் போக? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நீ அவளை வச்சுக்கிட்டு வீட்டோட இரு. சீசனுக்குன்னு விருதுநகர்ச் சொந்தக்காரங்க வேற இன்னைக்கு வாறதா ஆள் அனுப்பிச்சிருக்காவ. வீட்டுல ஒருத்தி இருக்கணும்லா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். பின்னாலிருந்து அண்ணாச்சி ஆறுதல் சொல்லுகிறார்: "அத்தை சொல்லுததும் நியாயந்தானே. சீக்குப் பிள்ளைக்கு அலைச்சல் ஆகுமா? நாங்க வரும்போது அவளுக்கு சங்கு, சிப்பியெல்லாம் வாங்கிட்டு வாறோம்."

சங்கு வாங்கிக்கொண்டு வருவார்களாம்! யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று இந்தப் பயணம் தொடங்கிற்றோ, அவளை விட்டுவிட்டு, அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்பதாலேயே விட்டுவிட்டு, மற்ற எல்லோரும் காற்று வாங்கப் போகிறார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அதற்கப்புறம் எனக்குத் தலைகால் தெரியவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். ஏழு வயதுப் பிள்ளை, கனம்தான், ஆனாலும் அன்றைக்குக் கனக்கவில்லை. சாரலில் நனையாமல் என் சேலைத் தலைப்பை அவள் தலைமேல் போட்டு மூடி, தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனேன். எதிர்வீட்டு அக்கா திகைத்துப்போய் வழிவிட்டாள். அவள் வீட்டுப் பட்டாசலில், முன்கூடத்தில், ஒரு மணைமேல் அந்த மஞ்சள் துணி மூட்டை இருந்தது. அதன் பக்கத்தில் மகளை உட்கார வைத்து, நானும் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி ஏறியவர்களெல்லாம் இறங்கி வந்தார்கள். தெருவில் ஆள் கூடிவிட்டது.

"என்னட்டி இது, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றாள் மாமியார்.

"எனக்கு ஒண்ணும் பிடிக்கலை, அத்தை. இந்த மூட்டை யாருது?"

அவள் மூட்டையைப் பார்த்தாள்.

"என் மவளுது. அவ நட்சத்திரத்துல நீங்களே ஒங்க கையால கொண்டாந்து வச்சீங்க. அவ பொறப்பட்டாச்சு. பொறப்பட்ட பிள்ளையை நீங்க எப்படி வீட்டுக்குள்ள போகச் சொல்லுவீங்க? நான் போக மாட்டேன். மூட்டையும் போகாது, அவளும் போக மாட்டா."

அண்ணாச்சி சிரித்தார். "இதென்ன பெரிய காரியம்? மூட்டையை நான் கையில எடுத்துக்கிடுதேன். மூட்டை தூத்துக்குடி போய்ச் சேந்தாப் போதும்லா?" என்று குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதேயும்!" என்று ஒரு சத்தம். நான் போட்டது இல்லை. என் மாமியார் போட்டது.

முகம் வெளிறிப்போய் நின்றாள் அவள். பயந்துவிட்டாள். என் மகள்மேல் வராத பயம், மூட்டைமேல் வந்துவிட்டது. "ஒமக்கு ஆகாத நேரத்துல, பிள்ளை பேரால வச்சதை நீரு தொட்டு எடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா? அமாவாசை நெருக்கத்துல கடலுக்குல்லா போறோம்!" என்றாள். கூட்டத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நாத்தனார் தன் பிள்ளைகளைச் சட்டென்று பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் கப்பலும் போயிற்று, உப்பளமும் போயிற்று, முத்தும் போயிற்று.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் போவதுதானே என்று எதிர்வீட்டு அக்கா நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தாள். மாமியார் கேட்கவில்லை. புறப்படும்போது வாசலில் சண்டை வந்தாயிற்று, இனிமேல் அந்தப் பயணத்தில் தான் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். அவள் வராத இடத்துக்கு நாத்தனார் வர மாட்டாள், அண்ணாச்சியின் தங்கை குடும்பமும் வராது. அண்ணாச்சி என்னைப் பார்த்து, "இவ்வளவு வாய் ஆகாதும்மா ஒனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார்.

"போங்கட்டி, நீங்க மூணு பேருமே போய்த் தொலைங்க" என்றாள் மாமியார். அதைவிட நல்ல ஆசீர்வாதம் எனக்கு அன்றைக்குக் கிடைத்திருக்காது. அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு ஒரு வண்டியில் நாங்கள் ஏறினோம். கட்டியிருந்த சோறு பூராவும் மற்ற இரண்டு வண்டியிலிருந்தும் இறங்கி வீட்டுக்குள்ளேயே போயிற்று. மத்தியானம் விருதுநகர்க்காரர்களுக்கு யார் பரிமாறினார்களோ, எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மகள் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் சாரல் துளி வரிசையாகத் தொங்கிற்று. கொஞ்ச தூரம் போனதும் துளிகள் இல்லை. கம்பி காய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் என் மடியில் ஏதோ சுட்டது. பார்த்தால் வெயில்.

பாவூர்சத்திரம் ஸ்டேஷனில் வண்டி நின்றது. எதிரே வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டுமாம், நேரமாகும் என்றார்கள். மகள், "அம்மா, எறங்குவோமா?" என்றாள். இறங்கினோம். தரை வெந்நீர் ஊற்றித் துடைத்த மாதிரி சூடாக இருந்தது. காற்று விர்ரென்று அடித்தது. அதில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. மேற்கே திரும்பிப் பார்த்தால், நாங்கள் விட்டுவிட்டு வந்த மலையும் மேகமும் கைக்கெட்டுகிற தூரத்தில் அப்படியே கறுத்து நின்றன. மகள் வெயிலில் போய் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிற்று. எனக்குத் தெரியும் அந்தத் தோள். எத்தனையோ நாள் அது எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"இங்கன எப்பவும் இப்படித்தானா?"

"எப்படி?"

"இப்படி வெயிலடிக்குமா? சீசன்லயும்?"

"ஆமா, இங்கன ஏது சாரல்? வெறுங்காத்துதான். போன வாரங்கூடத் தோட்டத்துல நிக்க முடியலை, தலையில துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

தோட்டம் என்று அவர் சொன்னது எங்கள் கிழக்குத் தோட்டம். பாவூர்சத்திரத்துக்குக் கிட்டேதான் அது இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் நான் நறுக்கிக் கொட்டிய கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வாரா வாரம் அவர் போய் அங்கிருந்து கொண்டு வந்ததுதான். அதற்கு மேல் தெரியாது. பெண்பிள்ளைகள் தோட்டத்துக்குப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"அங்கன தங்க எடம் இருக்கா?"

"இருக்கே. ஓடு போட்ட கட்டடம். நல்லாத்தான் இருக்கு."

"ஒரு மாசத்துக்கு மேல ஆகுது டாக்டர் சொல்லி." என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "வெயிலடிக்குத ஊருக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. வாரா வாரம் இந்த வெயில்ல வந்து நின்னுட்டு வந்திருக்கீங்க. பிள்ளை அங்கன மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடந்தா. ஏன் சொல்லலை?"

அவர் என்னைப் பார்த்தார். உண்மையாகவே ஒன்றும் புரியாமல்தான் பார்த்தார், அதைச் சொல்ல வேண்டும்.

"நீ தூத்துக்குடின்னுல்லா கேட்டே?"

"நான் தூத்துக்குடியா கேட்டேன்? என் பிள்ளைக்கு மூச்சுல்லா கேட்டேன்!"

பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அவருக்குத் துண்டை உதறக்கூடக் கை எழவில்லை.

தூத்துக்குடிக்குப் போனோம், மாடி வீட்டில் இருந்தோம், வந்தோம். கடல் எப்படி இருந்தது என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்டார்கள். இருந்தது என்றேன். மறு வருஷம் ஆனி பிறந்த அன்றைக்கே, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், மகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்குத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். சீசன் முடிகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம், அதற்கடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். கூட வருகிறோம் என்று சொந்தத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, வெயிலைத் தவிர.